திருத்திய பயோடேட்டா

"ஃபிளாப்பியில அனுப்பின பயோடேட்டாவைப் பார்த்தேன்" என்றார், செங்கல்பட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்த அச்சுதன்.

தங்கை வகுளாவுக்கு இந்த வரனாவது குதிரவேண்டுமே என்றிருந்தது தேசிகனுக்கு.

"ஆபீஸ் புரோகிராம் மாதிரி அதையும், ஒவ்வொரு திருத்தத்தையும் சேர்த்து வைக்கற ஆர்சிஎஸ்ல போட்டு வச்சிருக்கேள் போலிருக்கு. அந்த ஃபைலும் சேர்ந்து வந்துடுத்து. ஒரு கமாண்ட் அடிச்சேன். நீங்க திருத்தறதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம் அப்படியே வந்தது."

வகுளா நிமிரவில்லை.

"முதல்ல எழுதினதைப் படிச்சுட்டுத்தான் நான் கிளம்பியே வந்தேன். அதுல ஒரு குழந்தை இருந்ததே, எங்கே?"

தேசிகன் தலைகுனிந்தபடி எழுந்து போய், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

வகுளாவின் மகள் மெல்ல எட்டிப் பார்த்தாள். "அவா போயாச்சா மாமா? நான் இப்போ ஆத்துக்கு வரலாமா?"