பெருவணிகரின் மூக்கு

முதல் மாடி ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, வாசலுக்கு மேலிருந்த கல் தலையை நீளத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தாள் கெனோவேஃபா. நாளைய விழாவுக்காகத் தூசி தட்டுகிறாள் என்று வரலாற்று ஆய்வாளர் டாக்டர் செவெரினுக்கு மனம் குளிர்ந்தது.

நெருங்கியபோதுதான் தெரிந்தது. அடி விழுந்துகொண்டிருந்தது கன்னத்தில்.

"நிறுத்துங்கம்மா! முந்நூறு வருஷத்துத் தலை அது!"

"அப்படியா? வயசே தெரியலையே" என்றாள் அவள். "காலையில ரெண்டு போடலேன்னா எனக்குக் காபி இறங்காது டாக்டர்."

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போலந்தின் குதான்ஸ்க் நகரத்துப் பழைய தானிய வணிகர் ஒருவரின் தலை அது என்று நாற்பத்தாறு பக்கம் எழுதி நிறுவியவர் அவர். நாளை வார்சாவிலிருந்து அமைச்சர் வந்து, தலைக்குக் கீழே செப்புத் தகடு திறக்கிறார். அது முடிந்தால் டாக்டர் பேராசிரியராகிவிடுவார்.

"இந்தத் தெருவே போர்ல தரைமட்டமாச்சே. திரும்பக் கட்டினப்போ செங்கல் சுமந்தவ நான். இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"இடிபாட்டுல முழுசாக் கிடைச்சுது. தோண்டி எடுத்த கல்தச்சரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அவன் எதுல வேணும்னாலும் போடுவான்."

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. "முகத்துல என்ன கருணை பாருங்க! பஞ்சத்துல ஏழைங்களுக்குக் கோதுமைய அள்ளிக் குடுத்த மனுஷன்."

"அள்ளிக் குடுத்தானா? இவனா?" அவள் சிரித்த சிரிப்பில் துடைப்பம் கை நழுவி நடைபாதையில் விழுந்தது.

டாக்டர் பாய்ந்து அதைக் கைப்பற்றினார். தெம்பு வந்தது.

"மூக்கைப் பாத்தீங்களா? இடப்பக்கமா எப்படிக் கோணியிருக்கு! உடைஞ்ச மூக்கை அப்படியே செதுக்கியிருக்கான் சிற்பி. ஸ்வீடன்காரன் முற்றுகை போட்டப்ப ஊருக்காக வாங்கின அடி. தகட்டுலயே பொறிச்சாச்சு!"

சிரிப்பு சட்டென்று நின்றது. கெனோவேஃபா உள்ளே போனாள். வெட்கப்பட்டுவிட்டாள் என்று டாக்டர் நினைத்தார்.

திரும்பி வந்தபோது அவள் கையில் மாவு தேய்க்கும் கட்டை இருந்தது.

"தகட்டைத் திருத்துங்க டாக்டர். தன் மூஞ்சியையே செதுக்கி வெச்ச உங்க கல்தச்சன் மூக்கை ஒடைச்சது ஸ்வீடன்காரன் இல்ல, அவன் பொண்டாட்டி!"