மார்பளவு முப்பத்தெட்டு

ஜிப் தொப்புளைத் தாண்ட மறுத்தது.

“மூச்ச உள்ள இழுங்க,” என்றார் மாஸ்டர். அவன் இழுத்தான். ஜிப் ஒரு விரற்கடை ஏறி, மறுபடி நின்றுகொண்டது.

மாஸ்டர் இரண்டடி பின்னால் போய், அணைக்கட்டில் விரிசல் கண்ட இன்ஜினீயர் மாதிரி அந்த லெதர் ஜாக்கெட்டைப் பார்த்தார். அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதை அவர் நாடாவாகப் போட்டிருக்கவில்லை, பதக்கமாகப் போட்டிருந்தார்.

“மூணே வாரத்துல என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க உடம்ப?”

கடைக்குள் வந்து அவன் செய்த ஒரே காரியம் ரசீதை நீட்டியதுதான். பையில் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். ட்ரயல் பார்க்காமல் சரக்கு வாசப்படி தாண்டாது என்று சொல்லி, இழுத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டார் மாஸ்டர்.

“கைய முன்னால நீட்டுங்க, பைக் ஓட்டற மாதிரி. அக்குள்ல இழுக்குதா?”

“தெரியல.”

“உங்க அக்குள் சார். உங்களுக்குத் தெரியாம எனக்கா தெரியும்?”

அளவு நோட்டைப் புரட்டி அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தார். “பாத்துக்குங்க. அன்னிக்கு மார்பு முப்பத்தெட்டு. இன்னிக்கு நாப்பத்திரண்டு. தப்பு நாடாவுல இல்ல, உடம்புல.”

“சரி மாஸ்டர். அப்படியே குடுத்துடுங்க.”

“அப்படியேவா?” மாஸ்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “இருபத்தாறு வருஷம் சார். இந்தக் கை தச்சது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. எத்தன பெரிய மனுஷங்க வந்து போயிருக்காங்க. ஒருத்தர் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. தோள்பட்டைதான் எனக்கு அடையாளம். ஒங்க தோளப் பாருங்க, எழுதி வச்ச மாதிரி உக்காந்திருக்கு. அதுக்குக் கீழதான் அநியாயம்.”

கண்ணாடியில் நின்ற ஆளை அவன் பார்த்தான். தோள் பொருந்தித்தான் இருந்தது. கைகள் மரத்துப்போனது போலிருந்தன. புது லெதர் இறுக்குவதாலா என்று யோசிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான். வெளியே காத்திருந்த டாக்ஸி ஹாரன் அடித்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால்.

“நாலு மணிக்குள்ள நான் வீட்ல இருந்தாகணும், மாஸ்டர். வெளியூர்லேருந்து எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க. அம்மா இத எடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

“வீட்ல விசேஷமா? அப்ப சுத்தமா முடியாது. அத்தன பேரு முன்னால நீங்க ஜிப்பத் தொறந்து போட்டுக்கிட்டு நின்னா, யார் தச்சதுன்னுதான் கேப்பாங்க. யார் தின்னதுன்னு கேக்க மாட்டாங்க.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார், அளவாக. அவன் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாதது அவருக்குப் பிடிக்கவில்லை.

“அளவு குடுத்தப்ப எப்படி நின்னீங்க! சாவிய விரல்ல சுத்திக்கிட்டு, ‘மலையேறப் போறேன் மாஸ்டர், காத்து உள்ள வரக்கூடாது, சிக்குனு இருக்கணும்’னு அந்தப் பேச்சு பேசினீங்க. இன்னிக்கு வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

காலையிலிருந்து போனில் பேசிப் பேசி அவன் வாய் ஓய்ந்திருந்தது. ஒரே சேதி, முப்பது பேருக்கு. முப்பத்தோராவது ஆளுக்குச் சொல்ல அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மாஸ்டர் ஜாக்கெட்டைக் கழற்றி மேசையில் குப்புறப் போட்டார். பக்கத் தையலை நீவிப் பார்த்துவிட்டு பிளேடை எடுத்தார்.

“ரெண்டு விலாவுலயும் பிரிச்சு, ரெண்டு ரெண்டு இஞ்ச் பட்டை குடுக்கறேன். வியாழக்கிழமை வாங்க.”

“வேணாம்.”

“பயப்படாதீங்க. லெதர்ல ஊசி எறங்கின ஓட்டை மூடாதுதான். கண்டவன் பிரிச்சா பாழாயிடும். ஆனா பிரிக்கறது நான்.”

பிளேடின் முனை முதல் நூலுக்கு அடியில் நுழைந்தது.

அவன் கை மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. பிடித்தது தன் கைதான் என்பது அவனுக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

“கைய விடுங்க சார். பொருந்தாத சரக்கக் குடுத்தனுப்பினா என் பேரு என்ன ஆகறது? இத எப்படிப் போடுவீங்க, அத மட்டும் சொல்லுங்க.”

“பொருந்தும் மாஸ்டர்,” என்றான், பிடியைத் தளர்த்தாமல். “அளவு குடுத்தது என் தம்பி. நாலு மணிக்கு அவனத்தான் எடுக்கறோம்.”