அவன் பெயரில் திறந்திருக்கும் கோப்பு

மதிய வெயில் சர்வர் அறைக்குள் வருவதில்லை. பச்சை விளக்குகள் சிமிட்டுகின்றன. ஏசி ஓயாமல் இரைகிறது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் பழைய திரையின் வயரைச் சர்வரில் செருகுகிறாள். ஆள் இல்லாமலே எக்செலைத் திறந்து வலைத்தளத்துக்கு அறிக்கை தயாரித்துத் தரும் நிரல் மறுபடியும் நின்றுவிட்டது. திரை மெல்ல வெளுக்கிறது. நடுவே ஒரு சின்னப் பெட்டி. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காலையிலிருந்து காத்துக் கிடக்கிறது. கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறாராம். அந்த வேறொருவர் இடத்தில் அவன் பெயர். "இனிமே இது தானா ஓடும், நான் எதுக்கு?" என்று இந்த நிரலை எழுதி முடித்த அன்று சிரித்தவன், எக்செலைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். உள்ளே எது சிக்கினாலும் எக்செல் அவனைத்தான் கைகாட்டுகிறது.

மேலாளர் கதவருகே எட்டிப் பார்க்கிறார். "என்னம்மா, போனவன் இன்னும் ஃபைலை விடமாட்டேங்கறானா? அந்தப் பேரை மாத்தித் தொலைக்கக் கூடாதா?"

"மாத்தணும் சார்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே."

மேலாளர் போகிறார். 'ரத்து' என்பதை அழுத்தினால் போதும், எல்லாம் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் அம்புக்குறி பக்கத்துப் பொத்தானில் நிற்கிறது: 'அவர் முடித்ததும் உங்களுக்குத் தெரிவிக்கவா?' மவுஸின் மேல் விரல்கள் சில்லிட்டிருக்கின்றன. கடைசியில் ரத்தை அழுத்துகிறாள். பெட்டி மறைகிறது. பெயரை இந்தத் தடவையும் அப்படியே விட்டுவிட்டு, வயரை மெதுவாக உருவுகிறாள்.