ஒருக்கா விளியுங்க

"எல்லாரும் விளிச்சாச்சு, அண்ணாச்சி. நீங்களும் யாரு பேராவது சொல்லி ஒருக்கா விளியுங்க" என்றாள் ஜெஸி.

வேலாயுதன் இரும்புக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நின்றார். பாறசாலையிலிருந்து புறப்பட்ட சுற்றுலா பஸ்ஸில் வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஆந்திரக் குகைக்குள் கூடியிருந்தார்கள். தலைக்கு மேலே ஆலம் விழுதுகள் போலச் சுண்ணாம்புக் கற்கள் தொங்கின. அவற்றிலிருந்து நீர் சொட்டிச் சொட்டிக் கீழே வளர்ந்த வெள்ளைத் தூண்கள், துணியைப் போர்த்திக்கொண்டு நிற்கும் ஆட்களைப் போல இருந்தன.

கைப்பிடிக்கு அப்பால் பெரும் பள்ளம். வழிகாட்டி டார்ச் அடித்துக் காட்டினான். வெளிச்சம் அடிவரை போகவில்லை.

"இங்கே என்ன சொன்னாலும் குகை திருப்பிச் சொல்லும்" என்று அவன் அரைகுறைத் தமிழில் சொன்னதிலிருந்து ஒரே கூத்து. காஞ்சிரங்குளத்துக்காரி ஜெஸி, ஃபிலிம் தீர்ந்த கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ரெஜிலா..." என்று மகள் பெயரைக் கூவினாள். "ஜிலா... லா..." என்றது பள்ளம். எல்லோரும் சிரித்தார்கள்.

வேலாயுதனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவி பிரேமகுமாரி பள்ளத்தின் பக்கமே திரும்பாமல் நின்றாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தன பேரு, அக்கா?" ஜெஸி விடவில்லை.

"ஒரே மகன். ஸ்ரீஜித்."

"அவனையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அவன் முன்னமே வந்து பாத்தாச்சு. காலேஜ்ல இருந்து டூர் வந்தான்" என்றார் வேலாயுதன்.

"ஓ, அவன் சொல்லியாக்கும் வந்தது!"

"அவனாலதான் வந்தது."

"அப்போ அவனையே விளியுங்க."

பிரேமகுமாரி சட்டென்று கணவர் கையைப் பிடித்தாள். "வேண்டாம். நாம போவோம்."

"இத்தன தூரம் வந்தாச்சு, பிரேமா. ஒரே ஒருக்கா."

"வெறும் பேரு மட்டும் திரும்பி வந்தா என்னால தாங்க ஒக்காது."

ஜெஸிக்கு ஒன்றும் புரியவில்லை. வேலாயுதன் இருட்டை நோக்கிக் குனிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எலே... ஸ்ரீஜித்தே..."

"ஜித்தே... த்தே... ஏ..." குரல் தூண்களில் மோதி மோதித் தேய்ந்தது. பிறகு நீர் சொட்டும் சத்தம் மட்டும். பிரேமகுமாரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நடங்க, நடங்க" என்று வழிகாட்டி வாசல் பக்கம் டார்ச்சைத் திருப்பினான்.

கூட்டம் நகரத் தொடங்கியபோதுதான் அது கேட்டது. பள்ளத்தின் ஆழத்திலிருந்து, ஏறி வருகிறவனைப் போல மூச்சு வாங்கும் ஓர் இளங்குரல்.

"வாறேன்ப்பா..."

ஜெஸி கைதட்டிச் சிரித்தாள். "மகனையும் கொண்டு வந்து ஒளிச்சு வச்சிருக்கீங்களா, அண்ணாச்சி? எங்க நிக்கான் அவன்?"

வேலாயுதனின் ஒரு கால் கைப்பிடியைத் தாண்டியிருந்தது. பிரேமகுமாரி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"ஐயோ, யாராவது பிடியுங்க! போன வருசம் எம்பிள்ள விழுந்து செத்தது இதுலயாக்கும்... வீட்டு முற்றத்துல அவனுக்குக் கொள்ளி வச்சது இவரு கையாலயாக்கும்!"