கிளியின் தொண்டை

செத்துப்போன கிளியை ஸ்கேனருக்குள் பதமாகக் கிடத்தினாள் ஆய்வகத்துப் பெண். பறவைகளுக்குக் குரல் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சிக்கு அதைக் கொடுக்க வந்த பெரியவர், கொடுத்த பிறகும் கிளம்பவில்லை.

“தொண்டை தெளிவாத் தெரியுமாம்மா?”

“இம்மி பிசகாம தெரியும் சார்.”

“அதை வச்சு மறுபடி பேசவைக்க முடியுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “படம் மட்டும்தான் சார் வரும். கிளின்னா உங்களுக்கு உயிரோ?”

“அட போம்மா! எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம். பக்கத்துல போனாலே கொத்தும்.”

“அப்புறம் என்ன சார்?”

பெரியவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என் வீட்டுக்காரி போனதுக்கப்புறமும், ‘என்னங்க, சாப்டீங்களா’ன்னு வீட்ல என்னைக் கேட்டுக்கிட்டிருந்தது அது ஒண்ணுதாம்மா. அதுவும் அச்சு அசலா அவ குரல்ல.”