மச்சுச் செவுரு

"என்னாங்க, இங்க வந்து பாருங்களேன்! சோத்துப் பானை மேலெல்லாம் செங்கல் தூளு!"

பொம்மைக் கம்பெனியில் பகலெல்லாம் பெயிண்ட் அடித்துவிட்டு, அப்போதுதான் வீட்டுக்குள் கால் வைத்திருந்தாள் பானுமதி. புருஷன் கொளஞ்சிக்குப் பீங்கான் சூளையில் ராத்திரி ஷிப்டு. பகல் முழுக்க வீட்டில் இருந்தவன், தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"எலி ஓடியிருக்கும்."

"எலி செங்கல்ல ஒடைக்குமா? யாரோ மச்சுல செவுத்த இடிக்கிறாங்க. எல்லாம் உங்க அண்ணி வேலதான்!"

விஷயம் இதுதான். ஒரே ஓட்டு வீடு. அண்ணன் சாமிதுரைக்குக் கிழக்குப் பாதி, தம்பி கொளஞ்சிக்கு மேற்குப் பாதி. போர்வெல் தண்ணிக்கு வந்த சண்டையில் பேச்சு நின்றுபோய், நடுவில் சுவர் வந்தது. சுவர் என்றால் சும்மா சுவரா? பூனைகூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வீம்பு பிடித்து, மரப்பலகை மச்சையும் தாண்டி, மேலே ஓடு முட்டுகிற வரைக்கும் எழுப்பிவிட்டார்கள்.

அதுவரை மேற்கு ஜன்னலில் நுழைந்து, மச்சு முழுக்க ஓடி, கிழக்கு ஜன்னலில் வெளியே போய்க்கொண்டிருந்த காற்று அத்தோடு நின்றது. ரெண்டு வீடும் வெந்தன. போன மாசம் ஓடு மாற்ற வந்தவர்கூடச் சொன்னார்.

"மச்சுல காத்து ஓடலீங்க. கைமரமெல்லாம் வேர்த்து உளுத்துப் போவுது. நடுச் செவுத்துல நாலு ஓட்டையாச்சும் போடுங்க."

"கூரையே தலையில விழுந்தாலும் அந்தச் செவுத்துல கை வக்க மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டான் கொளஞ்சி.

இப்போது அண்ணன் வீட்டு நிலைமை இன்னும் மோசம். சாமிதுரை வண்டியிலிருந்து விழுந்து, புதுச்சேரியில் இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, படுத்த படுக்கையாகக் கிடந்தார். கத்திரி வெயில். பாதி நேரம் கரண்டு கிடையாது. வெக்கையில் மனுஷனுக்கு முதுகெல்லாம் கொப்புளம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பானுமதிக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதுக்காக? கேட்காமல் கொள்ளாமல் சுவரை இடித்துவிடுவதா?

விடுவிடுவென்று தெருவுக்கு வந்துவிட்டாள்.

"ஏன்க்கா, பொதுச் செவுத்துல கை வக்கிறீங்களே, ஒரு வார்த்த கேக்க வேணாமா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

சாமிதுரையின் பெண்டாட்டி திரௌபதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பானுமதியைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற கொளஞ்சியையும் பார்த்தாள்.

"ஆமா பானு, நாந்தான் இடிச்சேன். தப்புதான். மனசுல வச்சிக்காத."

மல்லுக்கு நிற்கலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்குச் சப்பென்று போய்விட்டது. அந்த எரிச்சல் புருஷன் மேல் திரும்பியது.

"பாத்தீங்களா? அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. நீங்க என்னாடான்னா ஊமையாட்டம் நிக்கிறீங்க!"

"வுடு பானு. காலையில வந்து நானே பூசிடறேன்" என்ற கொளஞ்சி, டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்துவிட்டான்.

காலை வரைக்கும் பொறுக்கிற ஆளா பானுமதி? மூலையில் கிடந்த மிச்ச சிமெண்டைக் குழைத்துச் சட்டியில் எடுத்துக்கொண்டு, ஏணி வைத்து மச்சுக்கு ஏறினாள்.

வழக்கமாக மேலே தலை நீட்டினாலே மூஞ்சியில் அறையும் வெக்கையைக் காணோம். சுவரில் வரிசையாக ஓட்டைகள். சிலுசிலுவென்று காற்று போய்க்கொண்டிருந்தது. பெயர்த்தெடுத்த செங்கல்லெல்லாம் பக்கத்திலேயே ஒழுங்காக அடுக்கியிருந்தது.

அங்கிருந்து இடித்திருந்தால் கல்லு எப்படி நம்ம பக்கம் வந்து அடுக்கிக்கொள்ளும்? பானுமதிக்குத் திக்கென்றது.

அப்போது ஓட்டை வழியாக அந்த வீட்டுப் பேச்சு கேட்டது. சாமிதுரையின் குரல்தான்.

"நீ ஏன்டி பழிய ஏத்துக்கிட்ட?"

"பின்ன? ஒம் புருஷன்தான் இடிச்சாருன்னு சொல்லி, புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்ட மூட்டச் சொல்றீங்களா? நீங்க பாக்கணுமே, திருட்டு முழி முழிச்சிக்கிட்டு நிக்கிது உங்க தம்பி!"

சாமிதுரை சிரித்தார்.

"மத்தியானம் டொக்கு டொக்குன்னு தட்டுறான். நான் லேசா இருமினா நிறுத்திடறான். முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டு எறங்கிப் போயிடுவானேன்னு, பொய்யா கொறட்ட வுட்டுக்கிட்டே கெடந்தேன்."

"முதுகு எரிச்சல் எப்படி இருக்குது?"

"இன்னிக்குத்தான் கொஞ்சம் கண்ணசந்தேன். காலையில பூசிடுவான். பூசட்டும், பாவம். அவனும் வூட்டுல நிம்மதியா இருக்கணும்ல."

பானுமதிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சத்தம் வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சட்டியோடு கீழே இறங்கினாள்.

மறுநாள் காலை ஷிப்டு முடிந்து வந்த கொளஞ்சி, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும்போதே சுரத்தில்லாமல் கேட்டான்.

"சிமெண்டு இருக்குதா பானு? பூசிடட்டுமா?"

"சிமெண்டெல்லாம் கெடக்கட்டும். கடப்பாரைய எடுங்க" என்றாள் பானுமதி. "மேல காத்து மட்டும் போயி வந்தா போதுமா? கீழ நாம போயி வர ஒரு கதவு வக்கணும்."