குருவிக் கோப்பை

“ஐயையோ, கோப்பை!” என்று பதறி ஓடிவந்தாள் மதாம் கோர்தியே.

முசியே பெர்த்தோனின் கையில் தேநீர்க் கோப்பை கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் சட்டென்று ஒரு குழித்தட்டை அடியில் நீட்டினாள். கை நடுங்குபவர்களுக்கென்றே செய்வது. நடுப் பள்ளத்தில் கோப்பை சமத்தாக உட்கார்ந்துகொள்ளும்.

எதிரே கேப்டன் லுக்ரானுக்குக் குளுகுளுவென்றிருந்தது. பாரிஸில் பீங்கான் கடை வைத்திருக்கும் இந்த இளம் விதவையைக் கட்டிக்கொள்ள அவர் நாயாய் அலைகிறார். எத்தனை தடவை மறுத்தாலும் மறுவாரமே வந்து நிற்பார். போட்டிக்கு வந்திருப்பது இந்தக் கிழமா?

“அப்படியே ஊட்டியும் விட்டுடுங்க மதாம். பெரியவர் சட்டையில கொட்டிக்கப் போறார்!”

தேநீருக்கு வந்திருந்த மற்ற விருந்தாளிகள் சிரித்தார்கள். முசியே தலையைக் குனிந்துகொண்டார். விளிம்புவரை தேநீர், வெள்ளை மேஜைவிரிப்பில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கேப்டன் தன் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார். “அடேங்கப்பா! கடுகத்தனை குருவிக்கு இறகு இறகா வரைஞ்சிருக்கான். செவ்ர் பீங்கான் ஆலைக்காரன் ஆலைக்காரன்தான். இதை வரைஞ்ச கைக்கு முத்தமே குடுக்கலாம்.”

மதாம் சர்க்கரையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“சரி பெரியவரே, ஒரு ஆட்டம் பில்லியர்ட்ஸ் போடுவோமா? தோத்தவன் இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது.”

“பாவம் கேப்டன், அவர் கையைப் பார்த்தீங்கல்ல? விட்டுடுங்களேன்...” மதாம் கெஞ்சினாள்.

அவள் கெஞ்சக் கெஞ்ச கேப்டனுக்கு வெறி ஏறியது. எல்லோர் முன்னிலையிலும் இடுப்பு வாளைத் தொட்டார். “சத்தியம்! தோத்தா இந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன்.”

பக்கத்து அறையில் முசியே பில்லியர்ட்ஸ் மேஜைமேல் குனிந்தார். தடி பாறையில் நட்டதுபோல் நின்றது. அடித்த அடிக்கெல்லாம் பந்து சொன்ன குழியில் போய் இறங்கியது. கேப்டனின் மீசை மெல்லத் தொங்கிப்போனது.

“கை... அந்த நடுக்கம்...?”

மதாம் கோர்தியே முசியேவின் வலக்கையைப் பிடித்து கேப்டனின் உதட்டருகே நீட்டினாள்.

“குடுங்க கேப்டன், முத்தம். அந்தக் குருவியை வரைஞ்ச கை இதுதான்.”